மூவாயிரத்து அறுநூற்றுப் பதினொரு கிலோ

என் மாமா படகோடு ஏரிக்குப் புறப்பட்டது ஒரு வியாழக்கிழமை, காலை ஆறேகால் மணிக்கு. வாரத்தில் வியாழனன்றுதான் லாரிகள் குறைவு என்பது அவருடைய முப்பத்தொரு வருட அனுபவம். தெருவில் ஏழெட்டுப் பேர் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் வழியனுப்ப வந்தவர்கள். மீதிப் பேர், அந்தப் படகு உண்மையிலேயே நகருமா என்று பார்க்க வந்தவர்கள். ஒன்பது வருடமாக அது மாமா வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், இரண்டு சக்கர ட்ரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்தபடியே இருந்தது.

எதிர்வீட்டு வாத்தியார் கையில் காபித் தம்ளரோடு கேட்டார்.

"என்ன கிலோ சார், இன்னைக்காவது அதைத் தண்ணியில காட்டிடுவீங்களா?"

"சாயந்திரம் நாலு மணிக்குப் படகு தண்ணியில இருக்கும். எழுதி வெச்சுக்கங்க."

சாயந்திரம் நாலு மணிக்குப் படகு பைபாஸ் சாலையோரம், ஒரு செடி நர்சரியின் வாசலில், இடது தோள் இறங்கிய மனிதனைப் போலச் சாய்ந்து நின்றது. வீட்டிலிருந்து பதினொரு கிலோமீட்டர். ஏரிக்கு இன்னும் நூற்று எழுபது.

மாமா என்றால் என் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவின் தங்கை. நான் மூன்று வருடம் எங்கெங்கோ சுற்றிவிட்டு அதற்கு ஐந்து நாள் முன்பு அவர்கள் வீட்டில் வந்து இறங்கியிருந்தேன். கதவைத் திறந்த மாமா என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "போகும்போது அம்பத்தாறு. இப்ப அம்பத்தொண்ணு. அஞ்சு கிலோவ எந்த ஊர்ல விட்டுட்டு வந்த?"

அவரிடம் அதைத் தவிர வேறு எதையும் எதிர்பார்த்திருக்க முடியாது. ஊர் எல்லையில் இருந்த எடைமேடையில் முப்பத்தொரு வருடம் கிளார்க். ஒரு நாற்காலி, ஒரு மேஜை விசிறி, ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே இரும்பு மேடை. லாரி ஏறி நிற்கும். பெட்டியில் சிவப்பு எண்கள் துடித்து அடங்கும். மாமா எண்ணை உரக்கப் படித்து, சீட்டில் எழுதி, முத்திரை குத்தி நீட்டுவார். காலி வண்டி எடை, சரக்கு வண்டி எடை, கழித்தால் சரக்கு. அளவு மீறினால் "ஓவர்லோடு" என்று ஒரே ஒரு வார்த்தை. ஓட்டுநர்கள் கெஞ்சுவார்கள், மகளுக்குக் காய்ச்சல் என்பார்கள். அவர் தலை நிமிராமல், "மெஷின் பொய் சொல்லாது" என்பார். இதனால் ஊரில் அவருக்குக் கிலோ சார் என்று பெயர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்த்ததும், மாலையோடு சேர்த்து எவ்வளவு, மாலையைக் கழித்து எவ்வளவு என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

எடைமேடைக்கு விடுமுறை கிடையாது. கல்யாணமான முதல் வாரம் அவர் அத்தையிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்: அந்தப் பெரிய ஏரிக்குக் கூட்டிப் போய், அதன் நடுவில், நம்முடைய சொந்தப் படகில் உன்னை உட்கார வைக்கிறேன். முதலில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. பிறகு மேடைக்குப் பழுது. பிறகு மாற்று ஆளுக்குப் பழுது. கடைசியில் ஏரி, பணி ஓய்வுக்குப் பிறகு என்று ஆனது. அத்தை ஒரு தடவைகூட நினைவுபடுத்தவில்லை. அதுதான் மாமாவுக்குத் தாங்கவில்லை. நினைவுபடுத்தியிருந்தால் கோபப்பட்டாவது மறந்திருப்பார்.

படகை அவர் வாங்கியது ஊரைவிட்டுப் போன ஒருவரிடமிருந்து. பதினான்கு அடி ஃபைபர் படகு, பின்னால் ஒரு சின்ன எஞ்சின், கீழே ட்ரெய்லர். அதற்கு முன் வேறு இரண்டு படகுகளைப் பார்த்து வேண்டாம் என்றிருந்தார். இதைப் பார்த்தபோது படகைச் சுற்றி ஒரு முறைதான் வந்தார். பிறகு குந்தி உட்கார்ந்து டயரைப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் என்னென்னவோ எழுத்துகள், எண்கள். கடைசியாக, ஒரு சின்ன வட்டச் சிறைக்குள் நான்கு இலக்கம்: 3611.

முப்பத்தொரு வருடம் நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துப் பழகிய மனிதர் அவர்.

"ஒரு டயர் மூவாயிரத்து அறுநூத்திப் பதினொரு கிலோ தாங்கும்" என்று அன்று சாயந்திரமே தெருவில் அறிவித்தார். "ரெண்டு டயர். ஏழு டன்னுக்கு மேல. ஒரு யானையக் கட்டி இழுக்கலாம்."

"உங்ககிட்ட யானை இல்லையே சார்" என்றாராம் வாத்தியார்.

அந்த டயர்களை அவர் வளர்த்த விதத்தையும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வாளியும் துணியுமாகச் சந்துக்குப் போவார். சோப்புத் தண்ணீரில் கழுவி, கறுப்புப் பாலிஷ் போட்டுத் தேய்ப்பார். ஆபீஸ் மேனேஜரின் ஷூவைப் போல மின்னும். மழைக்காலம் வந்தால் பாதிக் காற்றை இறக்கிவிடுவார். "வேலை இல்லாதப்ப அதுவும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டுமே" என்பது அவர் கொள்கை. படகைவிட டயருக்குத்தான் அதிகக் கவனிப்பு. அத்தை சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே, "என் முதுகுக்கு ஒரு நாள் தைலம் தேய்ச்சு விட்டிருக்காரா, கேளு" என்று யாரிடமாவது சொல்வாள். கேட்க அங்கே பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஏழு டன் தாங்கும் என்றால் எதை எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்ல முடியும்? புறப்படுவதற்கு முதல் நாள் படகுக்குள் இரண்டு இரும்புக் கட்டில், இரண்டு மெத்தை, கேஸ் சிலிண்டர், அடுப்பு, ஒரு மேஜை விசிறி, நாலு மூட்டை சாமான் எல்லாம் ஏறின. அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்று அத்தை தன் தையல் மெஷினைக் கொண்டுவந்து வைத்தாள். மாமா அதற்குப் பக்கத்தில் இருநூறு லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, குழாயைப் போட்டு நிரப்பினார்.

"இது எதுக்கு?" என்றாள் அத்தை.

"குடிக்க. ஏரித் தண்ணி எப்படி இருக்குமோ."

"ஏரிக்குத் தண்ணி கொண்டுபோற ஒரே ஆளு நீங்கதான்."

அன்று சாயந்திரம் தெருவழியாகப் போன டயர்க்காரம்மா நின்று பார்த்தாள். இரண்டு தெரு தள்ளி அவளுடைய டயர் கடை. டயரைக் கழற்றுவது, மாட்டுவது, பஞ்சர் பார்ப்பது எல்லாம் அவளே. சந்துக்குள் எட்டிப் பார்த்து, "சார், புறப்படறதுக்கு முன்னாடி அந்தச் சக்கரத்த ஒரு தடவ கடைக்குக் கொண்டாங்க. பாக்கணும்" என்றாள்.

"ஏழு டன்னும்மா" என்றார் மாமா, அன்பாக.

அவளுக்கு அது புரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனாள்.

ட்ரெய்லர் டயர் வெடித்தபோது நான் அதை இழுத்துப் போன மாமாவின் காரில், பின்சீட்டில் இரண்டு தலையணைக்கு நடுவில் இருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. ஈரத் துணியைக் கல்லில் அறைந்தது போல ஒன்று. அதற்குப் பிறகுதான் படகு தலையை ஆட்ட ஆரம்பித்தது. இடது பக்கம் இழுத்தது, வலது பக்கம் இழுத்தது. கார் அதன் வாலாக ஆனது. பின்னால் ஒரு லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாமா பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, மெல்ல ஓரம் கட்டினார். அந்த அரை நிமிடத்தை அவர் நன்றாகவே செய்தார் என்று நான் சாட்சி சொல்வேன். முன்சீட்டில் அத்தை இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்தபடி இருந்தாள்.

இறங்கிப் பார்த்தோம். டயரின் மேல்பட்டை முழுசாக உரிந்து இருபதடிக்குப் பின்னால் ரோட்டில் கிடந்தது. மாமா அதை எடுத்து வந்து அதன் மேடு பள்ளங்களை விரலால் தடவினார். "பட்டன் தேயவே இல்லையே" என்றார், டயரே பொய் சொல்லிவிட்டது போல. ஸ்டெப்னியை அவிழ்த்தால், ஒன்பது வருடமாக ஓய்வில் இருந்த அதில் காற்றே இல்லை.

அத்தை நர்சரி வாசலில் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். நர்சரிக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பிறகு எழுந்து காரிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டாள்.

"நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன்."

"ஒரு மணி நேரத்துல சரி பண்ணிடுவேன்" என்றார் மாமா.

"பண்ணுங்க. ஆனா இனிமே இது பின்னாடி கட்டியிருக்கற வண்டில நான் ஏறணும்னா, டயர்க்காரம்மா வந்து என்கிட்ட வாயால சொல்லணும், ஏறலாம்னு. நீங்க சொல்லி ஏற மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துபோச்சு என்று சொல்வது போலச் சொன்னாள். ஏரியும் படகும் இருந்து என்ன, அத்தை இல்லாமல் மாமா யாரை அதில் உட்கார வைப்பது?

படகை நர்சரிக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டு, மறுநாள் வெள்ளிக்கிழமை காலை உரிந்த டயரையும் ஸ்டெப்னியையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். டயர்க்காரம்மா ஒரு டிரக் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி, காது மேல் ஒரு சாக்பீஸ். கையைத் துடைத்துக்கொண்டு வந்து டயரைத் திருப்பினாள்.

"வயசு என்ன?"

"எனக்கா? அறுபது."

"டயருக்கு சார்."

"புதுசும்மா. பட்டனப் பாருங்க. ஒரு மில்லி தேயல."

"ஓடினாத்தானே தேயும்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கவாட்டை விரலால் வளைத்தாள். பாலிஷுக்கு அடியில் காய்ந்த சேற்று நிலம் போல வெடிப்பு வெடிப்பாகத் தெரிந்தது. சாக்பீஸால் அந்த நான்கு இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டாள். "இது என்னன்னு தெரியுமா?"

"எடை" என்றார் மாமா. முப்பத்தொரு வருட அதிகாரத்தோடு சொன்னார். "மூவாயிரத்து அறுநூத்திப் பதினொரு கிலோ. ஒரு டயருக்கு."

அவள் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டாள்.

"முப்பத்தாறாவது வாரம் சார். பதினொண்ணாம் வருஷம். டயர் பொறந்த தேதி."

கம்ப்ரெசர் திடீரென்று ஓட ஆரம்பித்து, ஓடி முடித்து நின்றது.

"அப்ப எடை?"

அவள் வேறொரு மூலையில், இன்னும் சின்னதாக ஒரு வட்டம் போட்டாள். அதற்குள் 80 என்று இருந்தது.

"எண்பது கிலோவா?" என்றார் மாமா.

"அது குறி நம்பர். எண்பதுன்னா நானூத்தம்பது கிலோன்னு அர்த்தம். ரெண்டு டயருக்குத் தொள்ளாயிரம். அதுவும் காத்து முழு அளவு இருந்தாத்தான். படகு, ட்ரெய்லர், சாமான் எல்லாம் சேத்து எவ்வளவு வருது?"

"ஒரு எழுநூறு... எழுநூத்தம்பது..."

"எடை போட்டீங்களா?"

ஊரில் ஓடும் அத்தனை லாரியையும் எடை போட்ட மனிதர் டயரைப் பார்த்தார், கம்ப்ரெசரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். குமிழி வந்துகொண்டிருந்தது.

படகை வீட்டுக்குக் கொண்டுவர எப்படியும் ஒரு லாரி பிடிக்க வேண்டியிருந்தது. வழியில்தான் எடைமேடை. மாமா லாரியை அங்கே திருப்பச் சொன்னார். படகும் ட்ரெய்லருமாக ஒரு எடை. வீட்டில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து காலி லாரியாக ஒரு எடை. மாமாவின் நாற்காலியில் இப்போது வேறொருவர், அரைக்கை ஸ்வெட்டர் போட்டவர். கழித்துப் பார்த்து, மாமாவின் அதே ராகத்தில் உரக்கப் படித்தார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பது." பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, கொஞ்சம் தயங்கி, "தொள்ளாயிரம்தான் அளவுன்னு சொன்னீங்களே சார். அப்படின்னா... ஓவர்லோடு. சீட்டுப் போடவா, வேண்டாமா?"

"போடுங்க" என்றார் மாமா. "மெஷின் பொய் சொல்லாது."

அந்தச் சீட்டை அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிரம்மைக் கவிழ்த்தார். இருநூறு லிட்டரும் சந்து வழியாக ஓடி வாத்தியார் வீட்டு வாசலுக்குப் போனது.

மறுநாள் டயர்க்காரம்மாவிடம் பாடம் தொடர்ந்தது. மாமா அடங்கிய குரலில், கார் டயரையே போட்டுக்கொள்ளக் கூடாதா, சுலபமாகக் கிடைக்குமே என்று கேட்டார்.

"கார் டயர் பக்கவாட்டுல மெத்து மெத்துன்னு இருக்கும் சார். உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குச் சுகமா இருக்கணும்ல. படகுல யாரு உக்காந்திருக்கா? ட்ரெய்லர் டயர் வெறப்பா இருக்கணும். இல்லன்னா முந்தாநேத்து ஆடுச்சே, அந்த மாதிரி தலையாட்டும். ட்ரெய்லருக்குன்னே போட்ட டயர்தான். ரெண்டு பக்கமும் ஒரே ஜாதி, ஒரே வயசு. ஸ்டெப்னியும்."

"மழைக்காலத்துல காத்த எறக்கி ரெஸ்ட் குடுத்தேனே, அது?"

"அது ரெஸ்டா? நாலு மாசம் முட்டி போட வெச்சிருக்கீங்க. ரெஸ்டுன்னா ஜாக்கி வெச்சுத் தூக்கிக் கட்டை மேல நிறுத்தணும். காத்து முழுசா இருக்கணும். வெயில் படாம மூடணும். அப்புறம் அந்தப் பாலிஷ். அத இனிமே உங்க ஷூவுக்குப் போடுங்க."

மாமா தலையாட்டிக்கொண்டே கடை ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களின் பக்கம் நகர்ந்தார். குந்தினார். ஒன்றைத் திருப்பினார்.

"இது என்னம்மா? ஒம்பதாவது வாரம், பதினெட்டாம் வருஷம். உங்க கடையிலேயே நாலு வருஷம் தூங்கியிருக்கு."

டயர்க்காரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்குடுத்தது நேத்து. இன்னைக்கே என் கடையில பரீட்சையா?"

ஆனாலும் அவள் அதை விற்கவில்லை. புதிதாக வரவழைத்தாள். மூன்று வாரம் கழித்து வந்த டயர்களுக்கு வயது ஒன்றரை மாதம். மாமா பிறந்த குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கிலோ என்ற சொல் அவர் வாயிலிருந்து மறைந்து, அந்த இடத்தில் தேதி வந்து உட்கார்ந்தது. தெருவில் நின்ற ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் குந்தினார். வாத்தியாரின் காரைப் பார்த்துவிட்டு, "சார், உங்க டயருக்கு ஒம்போது வயசு. நீங்க நாலாங்கிளாஸ்ல சேத்திருக்கணும்" என்றார். சிக்னலில் நின்ற ஆம்புலன்ஸின் கண்ணாடியைத் தட்டினார். ஒரு சாவு வீட்டில், பிணவண்டியின் பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து, அழுதுகொண்டிருந்த மகனின் காதில் ஏதோ சொன்னார். மகன் அழுகையை நிறுத்தி எட்டிப் பார்த்தான். வேறு வண்டி வந்தது. அந்த வாரம் தெரு அவருக்குத் தேதி சார் என்று பெயரை மாற்றியது.

வீட்டிலும் டயர்தான். பேனா இருந்த சட்டைப் பையில் காற்றழுத்த மானி குடியேறியது. வெயில் ஏறுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, சந்துக்குள் போய் அழுத்திப் பார்ப்பார். "அம்பது" என்று சமையலறை ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். "சரி" என்பாள் அத்தை. பழைய திரைச்சீலையை வெட்டி, எலாஸ்டிக் வைத்து, சக்கரங்களுக்கு உறை தைத்துக் கொடுத்ததும் அவள்தான். சக்கரங்கள் பூப்போட்ட பாவாடை கட்டியவை போல நின்றன.

டயர்க்காரம்மா ஒருநாள் வீட்டுக்கே வந்தாள். நட்டுகளை முறுக்கிப் பார்த்தாள். சக்கரத்தைச் சுழற்றி, பேரிங் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். சாமான் பட்டியலைக் கேட்டாள். தையல் மெஷின் வரைக்கும் போய், "அது இருக்கட்டும், பதினாலு கிலோதானே" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள்.

"அக்கா, டயருக்கு நான் பொறுப்பு. போயிட்டு வாங்க."

அத்தை அன்று சாயந்திரமே பையைக் கட்டினாள். ஒரே ஒரு பை.

மாமா புறப்படவில்லை.

அந்த வாரம் வெயில் அதிகம், டயர் சூடாகும். அடுத்த வாரம் மழை, ரோடு வழுக்கும். அதற்கடுத்த வாரம் மானி நாற்பத்தொன்பது காட்டியது. ஒரு புள்ளி எங்கே போனது என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. மானியில்தான் கோளாறு. புது மானி வந்தது. இரண்டு மானியும் ஒரே எண்ணைக் காட்டாததால் மூன்றாவதாக ஒன்று வாங்கினார். அத்தை பையைக் கட்டினாள், பிரித்தாள், மறுபடி கட்டினாள்.

புதுச் சக்கரம் மாட்டினால் எண்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டை மறுபடி இறுக்க வேண்டும் என்று டயர்க்காரம்மா சொல்லியிருந்தாள். அதற்காக ஒரு காலையில் காலி படகை இழுத்துக்கொண்டு மாமாவும் நானும் மட்டும் போனோம். போகும் வழியில் நர்சரி வாசலில் அவர் வண்டியை நிறுத்தினார். இறங்கி இரண்டு டயரையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் சாவியைத் திருப்பவில்லை.

"அன்னைக்கு வெடிச்சப்ப உங்க அத்தை சத்தமே போடல, கவனிச்சியா?"

"கவனிச்சேன் மாமா."

"ஏழு டன்னுன்னு நான் சொன்னத நம்பி ஏறி உக்காந்தா. கல்யாணமானதுலேருந்து நான் சொன்ன எந்த நம்பரையும் அவ திருப்பிக் கேட்டதில்ல. காய்கறிக்காரன்கிட்டக்கூட, இவர் சொன்னா சரியா இருக்கும்பா."

"இப்ப டயர் நல்லாத்தானே இருக்கு?"

"டயர் நல்லா இருக்கு. படிக்கறவன் தப்பாப் படிச்சா டயர் என்ன பண்ணும்? இன்னும் எத எதத் தப்பாப் படிச்சு வெச்சிருக்கேனோ."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ ஊர்களில் முன்பின் தெரியாதவர்களின் வண்டியில் ஏறிப் போனவள் நான், டயரை ஒருமுறையும் பார்த்ததில்லை. அதைச் சொன்னால் அவருக்கு இன்னும் பயம் வரும் என்று சும்மா இருந்தேன்.

நட்டு இறுகியது. மாமா இளகவில்லை. ஒரு மாதம் கழித்து, இரவுச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டே அத்தை கேட்டாள்.

"போறோமா, இல்லையா?"

"போகாம என்ன? டயருக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்கு. அவசரப்பட வேண்டாம்."

"ஊர்ல உள்ள வண்டிக்கெல்லாம் குந்தி உக்காந்து தேதி பாக்கறீங்களே. எனக்கு எந்தப் பக்கம் போட்டிருக்குன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

மாமா கையைக் கழுவிவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார். கொஞ்ச நேரத்தில், "அம்பது" என்று குரல் வந்தது. அத்தை சமையலறை விளக்கை அணைத்தாள்.

எனக்கு அந்த வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த வாரம் மறுபடி கிளம்பினேன். மாமாதான் பஸ் நிலையத்துக்கு வந்தார். நான் ஏறவேண்டிய பஸ்ஸின் பின்னால் குந்திப் பார்த்துவிட்டு, "பன்னெண்டு வயசு. இதுல வேண்டாம்" என்று என் பெட்டியை இறக்கிவிட்டார். அதற்கடுத்த பஸ்ஸுக்கு ஏழு. அதையும் விட்டோம். மூன்றாவது பஸ்ஸுக்கு இரண்டு. அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. ஜன்னல் வழியாக நான் கையாட்டியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, சக்கரம் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு செய்திகள் வந்தன. பெரும்பாலும் மானியின் படங்கள். ஐம்பது. ஐம்பது. ஒரு தடவை நாற்பத்தொன்பதரை, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான் அத்தையைப் பற்றிக் கேட்டால், "நல்லா இருக்கா. உறை கிழிஞ்சுது, புதுசு தைச்சா" என்று பதில் வரும். அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. முதல் வருடம் போனது. இரண்டாவது வருடமும் பாதி போனது. ஏரி என்ற வார்த்தையை யாரும் எழுதாததால் நானும் எழுதவில்லை.

ஒரு துறைமுக ஊரில், சலவைக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அத்தையின் செய்தி வந்தது. அவள் எனக்கு எழுதிய முதல் செய்தி அதுதான்.

"பாப்பா, நாங்க ஏரிக்கு வந்து பத்தொம்பது நாள் ஆச்சு. ஒரு நாள் காலையில நான் பையை எடுத்துக்கிட்டுப் போய்க் கார்ல உக்காந்துட்டேன். மத்தியானம் வரைக்கும் எறங்கல. காபி கொண்டுவந்து குடுத்தார், குடிச்சேன், எறங்கல. அப்புறம் வந்து சாவியப் போட்டார். வழியில பதினாலு தடவ நிறுத்தி டயரத் தொட்டுப் பாத்தார். பதினஞ்சாவது தடவ என்னைப் போய்ப் பாத்துட்டு வரச் சொன்னார். நான் பாத்துட்டு வந்து சரியா இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நிறுத்தல. படகு நல்லாப் போகுது, நான்தான் ஓட்டறேன், அவர் நடுவுல உக்காந்துக்கறார். திரும்பி வர்றதுக்கு அவருக்கு இன்னும் தைரியம் வரல. டயர் சூடு ஆறட்டும்ங்கறார். கரையோரமா ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திருக்கோம். எனக்கும் அவசரம் இல்ல. இங்க துணி சீக்கிரம் காயுது."